மேல்விஷாரம், ரிவர்ஸ்

முன்னால் போவது பெரிய காரியமில்லை.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டால்
சாலையே வண்டியை வாங்கிக்கொள்ளும்.
பின்னால் வருவதுதான் வேலை.
மேல்விஷாரத்தில் ஒரு தோல் கிடங்குச் சந்து:
இடப்பக்கம் சாக்கடை, வலப்பக்கம் பள்ளிக்கூடச் சுவர்,
நடுவில் பன்னிரண்டு சக்கரமும்
ஒரு சாண் மிச்சமும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தேன்.
மேல்தோலுக்குத் தையல் போடும் வரிசை.
ஒரு நாளைக்கு நானூறு இடதுகால்.
வலதுகால் எதிரே இருந்த சித்ரலேகாவுக்கு.
இத்தனை கால்களும் எங்கே நடக்கப் போகின்றன என்று
பெட்டி ஏற்றும் லாரியைப் பார்த்து நினைப்பேன்.
ஒரு மத்தியானம் அதன் கதவு திறந்தே கிடந்தது.
படி எவ்வளவு உயரம் என்று
காலை வைத்துப் பார்த்தேன்.
ஆரம்பம் அவ்வளவுதான்.

ஒரு வருஷம் குடியாத்தத்தில் பால் வண்டி.
பிறகு ஹெவி லைசன்ஸுக்கு, மே மாதம், வேலூர் வெயிலில்,
ஸ்டியரிங்கில் ஈரத்துண்டு சுற்றிப் பிடித்தபடி.
"உனக்குத்தானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.
ஓட்டிக் காட்டியதும் அதே கேள்வியைக்
குரலை இறக்கிக் கேட்டார்.

பத்து நாள் கிளீனராக இரு, பார்க்கலாம் என்றார்
சுல்பிகர் பாய்.
பத்து நாள் பதினாலு மாசமானது.
டயரைக் கம்பியால் தட்டினால்
காற்றுள்ளது ஒரு மாதிரி, இறங்கியது ஒரு மாதிரி.
தார்ப்பாய் முடிச்சு நாட்றம்பள்ளி மழையில்
தானாக விரலுக்கு வந்தது.
ஈரத்தோல் வழியெல்லாம் சொட்டும்,
இறக்கும் இடத்தில் எடை குறையும்.
குறைந்த எடை யாருடைய சம்பளத்தில் கூடும் என்று
எடைமேடைக்காரன் சொல்லவே இல்லை.

முதல் தனி டிரிப் கொல்ஹாப்பூர்.
தண்ணீரை மூடியால் அளந்து குடித்தேன்.
எந்த பங்கில் கழிப்பறைத் தாழ்ப்பாள் விழும் என்று
ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
டீசல் கணக்கைவிட அதுதான் பத்திரமாக இருக்கிறது.

"டிரைவர் எங்கம்மா?"
கன்னடத்தில் கேட்டார்கள், இந்தியில் கேட்டார்கள்,
தும்கூரில் டார்ச் அடித்து
இருக்கைக்குப் பின்னாலும் தேடினார்கள்.
அங்கே என் அரிசிப் பைதான் இருந்தது.

அந்தச் சந்தில் முதல் தடவை
ஐந்து ஆண்கள் கை காட்டினார்கள்.
வா வா வா என்றான் ஒருவன்.
ரைட்டுல ஒடி என்றான் ஒருவன்.
நில்லு என்றவனை நான் நம்பவில்லை.
பின்விளக்கு உடைந்தது, சாக்கடைக் கல் பெயர்ந்தது,
இரண்டாயிரத்து எண்ணூறு பிடித்தார்கள்.
அதற்கப்புறம் ஒரு கண்ணாடி, ஒரு குரல்,
மற்றதெல்லாம் சந்தின் சத்தம்.

ஒன்பதாம் வருஷம் பழைய வண்டி ஒன்று வாங்கினேன்.
அறுபது தவணை. நாற்பத்தொன்று கட்டியாயிற்று.
பின்பலகையில் என்ன எழுத என்று பெயிண்டர் கேட்டான்.
எல்லாரும் எழுதுவது வேண்டாம் என்றேன்.
யோசித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்டான்.
அதற்கும் காசு வாங்கினான்.

நேற்று இரண்டாவது வண்டிக்கு ஆள் வந்தார்.
அணைக்கட்டுக்காரர், செங்குட்டுவேலு,
பதினெட்டு வருஷ சர்வீஸ், சட்டைப்பையில் சீப்பு.
வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.
நல்ல காது.
பிறகு என்னிடம்,
"ஓனர் எங்கம்மா?"

சாவியைக் கொடுத்தேன்.
சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுங்கண்ணே.

சாக்கடைப் பக்கம் போய் நின்றேன்.
கண்ணாடியில் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது.
எப்போது அது என்னைத் தேட ஆரம்பித்ததோ
அப்போதுதான் கையை உயர்த்தினேன்.

வாங்க.
வாங்க.
இன்னும் ஒரு சாண்.