அரை மாத்திரை

என் வேலை வெட்டுவது.
மார்க்கம் ரோட்டில், பல் டாக்டருக்கு மேல்மாடியில்,
ஒரு தமிழ் வானொலிக்கு.
பேட்டிகளில் இருந்து ‘வந்து’களை எடுத்துவிடுவேன்.
‘அதாவது’, ‘என்னெண்டால்’,
சொல்லுக்கு முன் நாக்கு அண்ணத்தை விட்டு உரிகிற சத்தம்,
விடை தெரியாதவர்கள் இழுக்கும் மூச்சு.
வெட்டி முடித்தால் எல்லோரும்
யோசிக்காமலே பேசுகிறவர்கள் ஆகிவிடுகிறார்கள்.
முதலாளிக்கு அது பிடிக்கும்.

குப்பையை நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.
மூன்று வருடக் குப்பை:
நாலாயிரத்துச் சொச்சம் ‘வந்து’,
தேர்தலில் நின்றவரின் விக்கல்,
நேரலையில் தும்மலை அடக்கிய சோதிடர்.
கோப்புகளுக்கு ஆள்பெயர் வைப்பதில்லை.
தேதி மட்டும்.

நிலவறை வாடகை. ஃபிரிட்ஜ்தான் தம்பூரா.
இங்கே கரண்ட் நொடிக்கு அறுபது தரம் துடிக்கிறது,
ஊரில் ஐம்பது.
ஓரிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஊர்க் கரண்ட் சட்ஜம் என்றால்
ஸ்காபரோக் கரண்ட்
பிசகாமல் சாதாரண காந்தாரம்.
இவ்வளவு பறந்து
ஆர்மோனியத்தில் மூன்றே கட்டை தள்ளி
வந்து இறங்கியிருக்கிறோம்.

மென்பொருளில் ஒரு ‘வந்து’வைப் போட்டேன்.
திரையில் அது நெத்தலிக் கருவாடு மாதிரி,
தலை பருத்து, வால் மெலிந்து.
எனக்கு வால்தான் வேண்டும்.
அந்தக் கடைசி உகரம்,
இலக்கணம் அரை மாத்திரைக்கு மேல் தராத,
உதடுகூடக் குவியாத உகரம்.
நாற்பது விநாடிக்கு நீட்டினேன்.
உள்ளே போய்க் கேட்டால் அது எழுத்தே இல்லை.
ஒருவர் அடுத்த சொல்லைத் தேடி
அறை அறையாக
லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிற சத்தம்.

நாலாயிரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
மெய்களை மட்டும் கத்தரித்தேன்.
மிஞ்சிய உயிர் சுவரில் ஏறியது.
மேல்வீட்டு லொரெய்ன் இறங்கிவந்து கதவைத் தட்டினாள்.
“யாராவது அழுகிறார்களா?”
“இல்லை, யோசிக்கிறார்கள்” என்றேன்.

முதல் கச்சேரி டன்ஃபோர்த்தில்,
சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில்.
பதினொரு பேர்.
அதில் இருவர் பிரேக் சரிபண்ண வந்தவர்கள்.
ஒருவர் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்க வந்து
மரியாதைக்கு உட்கார்ந்தவர்.

பதினேழாவது நிமிடத்தில் அந்த இருமல் வரும்.
நவம்பர் ஒன்பது.
இடது ஸ்பீக்கரில் தொடங்கி
மந்தர ஸ்தாயியில் உடைந்து
வலதில் மணலாய்க் கொட்டும்.
நான் பெருமைப்படும் இடம்.

மரியாதைக்கு உட்கார்ந்தவர் எழுந்தார்.
காப்புறுதி விற்கும் பரராசசேகரம்.
“பிள்ளை, அது என்ர இருமல்.”

இரண்டு தலைகள் திரும்பின.
“வெட்டச் சொன்னனான். நீரும் வெட்டினனீர்.
ரேடியோவில கேட்டுப் பார்த்தனான், இல்லை.”

தொங்கவிட்டிருந்த சக்கரம் ஒன்று
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.
வழக்கு என்று நினைத்தேன்.
காசு என்று நினைத்தேன்.
அழித்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து
“வந்து…” என்றேன்.
வேறெதுவும் வரவில்லை.

அவர் காத்திருந்தார்.
எங்கள் வானொலியில்
ஒருவருக்கும் கிடைக்காத நேரம் அது.

பிறகு குரலைத் தணித்து,
“அண்டைக்கு எனக்குத் தடிமன்.
உது நல்ல இருமல் இல்லை.
இன்னொருக்கா எடுப்பமே?”

மைக்கைத் திறந்தேன். சிவப்பு எரிந்தது.
அவர் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி
மேடையேறுகிறவர் போலத் தொண்டையைச் செருமினார்.
நின்றார்.
இன்னொரு தரம் செருமினார்.

இருமல் கடைசிவரை வரவில்லை.
செருமல் இருக்கிறது.
இரண்டு.