பதினொரு மணி வண்டி

இந்த வருஷம் குளியல் தொட்டியில் மீன் இல்லை.
போன வருஷம் கெண்டை மூன்று நாள் அதில் நீந்தியது,
மூன்று நாளும் லிபுஷே குளிக்கவில்லை.
"உள்ளே ஆள் இருக்கிறார்" என்று
கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வருவாள், மரியாதையாக.
இப்போது கடையிலேயே துண்டு போட்டு வாங்கிவிட்டேன்.
முள்ளை நானே எடுத்தேன், மூக்குக்கண்ணாடி போட்டு,
பிறகு விரலால் தடவி, பிறகு இன்னொரு முறை.

மினுக்கும் விளக்குச் சரம் பெட்டியிலேயே கிடக்கிறது.
நாலு மணிக்கே இருட்டும் புர்னோவில்
ஜன்னல் கண்ணாடியில் ஒரு வயதான பெண் வந்து நிற்கிறாள்.
இவளை யார் அழைத்தது என்று லிபுஷே கேட்கிறாள்.
ஆகவே மூன்றரைக்கே திரையை இழுத்துவிடுகிறேன்.
ஆகவே விருந்தும் இரவில் இல்லை,
பகல் பதினொன்றுக்கு.

"முதல் நட்சத்திரம் தெரியாமல்
யாராவது கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிடுவார்களா?"
என்றான் ரதிம் தொலைபேசியில். மகன்.
"சூரியனும் நட்சத்திரம்தான்" என்றேன்.

பதினோரு பேர் வர வேண்டாம், மூன்று பேர் போதும்.
'என்னைத் தெரிகிறதா' என்று கேட்கவே வேண்டாம்.
மணியும் வேண்டாம்.

பரிசுகள் வந்துவிட்டன என்று அடிக்கிற
சின்னப் பித்தளை மணி.
போன வருஷம் மத்தோஷ் அவசரப்பட்டு அடித்துவிட்டான்,
பாதிச் சாப்பாட்டில் அவள் எழுந்தாள்.
விருந்து முடியும் முன் மேஜையை விட்டு எழுகிறவர்
அடுத்த கிறிஸ்துமஸைப் பார்ப்பதில்லை என்பார்கள் இங்கே.
எல்லோருடைய முட்கரண்டியும் நின்றது.
பின்னால் போய் அவளைப் பிடிக்க
எழுந்தாக வேண்டுமே.
செருப்பில்லாமல் பனியில் பாதித் தெரு போய்விட்டாள்.
முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டியவள்,
மணி அடித்தால் வண்டி புறப்பட வேண்டும்.
அப்புறம் நான் எழுந்தேன்.
வருஷம் ஒன்றாயிற்று, இரண்டு பேரும் இருக்கிறோம்.

இன்று பத்தே முக்காலுக்கு
உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறிவிட்டு வந்து பார்க்கிறேன்:
மேஜை சுவரோரம் ஒதுங்கி நிற்கிறது.
நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக
ஜன்னலைப் பார்த்து, ஒற்றை வரிசை.
முதல் நாற்காலியில் அவள்.
மடியில் உப்புக்கிண்ணம்.
அதன் விளிம்பைப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினாள்.

பழையபடி போட்டுவிடலாம் என்று
மூன்றாவது நாற்காலியில் கைவைத்தேன்.
"உட்காருங்கள். வண்டி நகரும்போது நிற்கக் கூடாது."
உட்கார்ந்தேன்.

ரதிம் வந்தான், மனைவி யர்மிலா, பையன் மத்தோஷ்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்கள்.
மத்தோஷுக்கு மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை,
கடைசி இருக்கைக்கு ஓடினான்.
மடியில் தட்டு. முள்ளில்லாத மீன்.
முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு
கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டோம்.

டிராமில் யாரும் யாருக்கும் பெயர் சொல்ல வேண்டியதில்லை.
எதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தில்
எதையோ தேடவும் வேண்டியதில்லை.
பல மாதமாகக் காதருகே ஏறி நின்ற தோள்கள்
எப்போது இறங்கின, கவனிக்கவில்லை.

"செஸ்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து,
"தலைமை ரயில் நிலையம்."
ரதிம் தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஒரு டிக்கெட்" என்றான். குரல் சரியாக வரவில்லை.
"ஓட்டுநரோடு பேசக் கூடாது" என்றாள்,
பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல.
சிரித்தான். அதன்பிறகு
முன்னாலிருந்த அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது,
வெகுநேரம்.

நடுவில் ஒருமுறை அவள் எழுந்தாள்.
யர்மிலா மூச்சை இழுத்தது கேட்டது.
மேஜையே இல்லை, எதை விட்டு எழுவது?
கண்ணாடியில் ஊதி, கைக்குட்டையால் துடைத்து,
வெளியே வெள்ளையாக இருந்த நாளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு
மறுபடி உட்கார்ந்தாள்.

அவள் ஓட்டிய காலத்தில் அவள் வண்டியில் நான் ஏறியது
நாலைந்து தடவை இருக்கும். எனக்குச் சைக்கிள்தான்.
பிரேக்கை இவ்வளவு மெதுவாகப் பிடிப்பாள் என்று தெரியாது.
உப்பு ஒரு மணி சிந்தவில்லை.