ஏழாம் எண்

எர்சுருமில் பனி
ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது.
ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில்
இருபத்து நான்கு ஆண் எலிகள்.
பன்னிரண்டு கூண்டுகளின் கீழே விழித்திருக்கும் கைபேசிகள்,
மற்றவற்றின் கீழே அணைத்து வைத்தவை.
எது எதுவென்று எலிகளிடம் சொல்லிவிடாதே என்றார் பெர்ரின் ஹோஜா.
அவர் சொன்ன ஒரே நகைச்சுவை.

என் வேலை அழைப்பது.
பக்கத்து அறையிலிருந்து, மணிக்கொரு தரம், பதினைந்து நிமிடம்.
மணி அடிக்காது. தானாக எடுத்துக்கொள்ளும்.
பிறகு நானும் ஓர் எலியும்
ஒன்றும் பேசாமல் இணைப்பில் இருப்போம்.

முதல் வாரம், பழக்கதோஷம், ஹலோ என்றேன்.
மரத்தூளைக் கிளறும் சத்தம்.
தண்ணீர்க் குழாயின் குண்டுமணியை நாக்கு தட்டும் சத்தம்.
அவ்வளவுதான் மறுமுனை.

ஐந்தாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை,
ஊமை கண்ட கனாவாய் வைத்திருந்ததை
ஏழாம் எண்ணிடம் சொல்லிவிட்டேன்:
எங்களுக்கும் முடிவு வந்துவிட்டது.
ஒரு துளியில் எத்தனை,
அதில் நேராக நீந்துவது எத்தனை,
வட்டமடிப்பது, நின்ற இடத்தில் நடுங்குவது எத்தனை.
இங்கே நான் நிரப்பப்போகும் அதே கட்டங்கள்,
மேலே என் பெயர்.
முயெஸ்ஸெர் படிக்கவில்லை.
நாலாக மடித்துச் சர்க்கரை டப்பாவின் அடியில் வைத்தாள்.
தேநீருக்குக் கட்டி எடுக்கும்போதெல்லாம்
தாள் கொஞ்சம் நகர்கிறது.
பல்லிடுக்கில் சர்க்கரையைக் கவ்விக்கொண்டால்
பேச வேண்டியதில்லை,
அது ஒரு வசதி.

பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.
தொலைபேசி ரசீது காட்டிக்கொடுத்தது:
நாற்பத்தொரு நிமிடம்.
ஹோஜா திட்டவில்லை.
சிவப்புப் பேனாவால் ஒரு கோடு:
ஏழாம் எண் நீக்கம்.

அறுபதாம் நாள் மற்ற இருபத்து மூன்றும்
கண்ணாடித் தகட்டுக்கு வந்தன.
குறியீடு மறைத்த குப்பிகள்.
எண்ணும் கருவியின் பொத்தானைக் கட்டைவிரல் அழுத்த
உருப்பெருக்கியில் என் கண்.
கால்சட்டைப் பையில் என் கைபேசி
இளஞ்சூடாக, எப்போதும்போல.

குறியீட்டைப் பிரித்தபோது
விழித்திருந்த கூண்டுகளில் எண்ணிக்கை குறைவு.
ஆனால் அணைத்தவற்றிலும் இரண்டு மிகக் குறைவு,
விழித்ததில் ஒன்று மீன்குஞ்சுக் குளம்.
இருக்கலாம், என்றார் ஹோஜா.
கட்டுரையின் கடைசி வரியாக
எலி மனிதன் அல்ல என்று எழுதி
அடித்து
மறுபடி எழுதினார்.

கணக்கில் இல்லாததால்
ஏழாம் எண் உயிரோடு இருக்கிறது.
அதற்குள் என்ன நீந்துகிறது என்று யாரும் பார்க்கவில்லை.
யாரையும் கேட்காமல்
ஒரு பெண் எலியை அந்தக் கூண்டில் விட்டேன்.
இருபத்தோரு நாள் போதும் என்பார்கள்.
இன்று பதினெட்டு.

இரவுப் பணியில் முயெஸ்ஸெர் அழைக்கிறாள்.
அவளுக்கு எலியின் கதை தெரியும்.
ஏதாவது? என்கிறாள்.
இன்னும் இல்லை என்கிறேன்.
எதைப் பற்றி என்று
இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.
அவள் பக்கம் கரண்டி கண்ணாடியில் இடிக்கிறது,
என் பக்கம் மரத்தூள்.
இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை.