அரைப்பேர்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ரிஃபாய் நானாவின் கொம்யூனிகேஷன்.
திரையில் வெறும் கட்டங்கள்:
முதல் தெரிவு, இரண்டாம் தெரிவு, மூன்றாம் தெரிவு.
படிப்பு ஒன்றுதான், மருத்துவம்.
எந்தக் கெம்பஸை மேலே போடுவது என்றுதான்
மூன்று நாளாய் எங்கள் லயத்தில் சண்டை.

கொழும்பைப் போடு என்றார் கெமிஸ்ட்ரி சேர்.
"பேர் உள்ள இடம். வெளியில போனாலும் மதிப்பாங்க."
அவருக்கு வெளி என்றால் லண்டன்.
எனக்கு நானுஓயாவைத் தாண்டினாலே வெளி.

பேராதனை என்றான் அண்ணன்.
கண்டியில் பாத்திரக் கடையில் நிற்கிறான்.
"ஞாயித்துக்கிழமை சோறு கொண்டாந்து தருவேன்.
பக்கத்துலயே ஆறு ஓடுது, பாத்தியா?"
ஆற்றை வைத்து என்ன படிப்பது என்று
நான் கேட்கவில்லை. சோறு நிஜம்.

மட்டக்களப்பு வேணாம், வெயில் என்றாள் சின்னம்மா.
அவள் மட்டக்களப்பைப் பார்த்ததில்லை.
வெயிலையும் அதிகம் பார்த்ததில்லை.

என் இசட் புள்ளி
போன வருட வெட்டுப்புள்ளிக்கு மேலே
ஒரு நகக்கீற்று.
நான் தேர்வதா, மிஞ்சியதை வாங்குவதா,
அதை மட்டும் யாரும் பேசவில்லை.

தோட்டத்தில் பேர் என்பது வேறு.
கொழுந்து கிலோ நிறைந்தால் பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
இருபத்தாறு வருஷமாய் அம்மாவுக்குப் பேர் போடுவது
அந்தி நேரத்துத் தராசு.
பரமேஸ்வரி என்பது
அடையாள அட்டையில் கிடக்கிறது.

"தங்கச்சி, மொதல்ல எது?" என்கிறார் நானா.
பின்னால் ஒருத்தன் போட்டோக்கொப்பிக்குச் செருமுகிறான்.

போன ஐப்பசி மழையில்
நாலாம் நம்பர் மலையில் அம்மா வழுக்கி
முழங்கால் ஈரப்பலாக்காயாய் வீங்க,
கொழுந்து லொறியில் ஏற்றி
நுவரெலியாவுக்குக் கொண்டு போனோம்.
வார்ட்டில் சிங்கள டொக்டர், விஜேகோன் என்று பட்டி.
காலைத் தொட்டபடி,
"கனக்க நோகுதோ அம்மா?"
அம்மா வலியிலும் சிரித்துவிட்டாள்.
யாழ்ப்பாணத்தில் அஞ்சு வருஷம் படித்தவராம்.
சைக்கிளும் இந்தப் பாஷையும்
அங்கேதான் பழகினாராம்.
"என்னாடி, நம்மள விட நல்லா பேசுறாரு."

அவர் கெம்பஸுக்கு எத்தனையாம் இடம்
என்று அந்த வார்ட்டில் யாரும் கேட்கவில்லை.
பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களக் கிழவர்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னார்.
என் சிங்களம் சில்லறை வாங்கும் சிங்களம்.
தலையாட்டினேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"காலி" என்றேன்.
"காலியா விடவா, காலியப் போடவா?"
"காலியப் போடுங்க நானா."
"அங்க ஆரு இருக்கா ஒனக்கு?"
"ஆருமில்ல."
அவர் கண்ணாடிக்கு மேலாய் ஒருமுறை பார்த்தார்,
பிறகு தட்டினார்.
கொழும்பு இரண்டு. பேராதனை மூன்று,
அண்ணனின் சோற்றுக்காக.

ரிதெனவாத, ரிதெனவாத என்று
பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
நோகுதோ என்பதற்கு அதுதானா,
யாரிடமும் கேட்க வெட்கம்.

வாசலில் அம்மா காலை நீட்டி
எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"என்னாடி, பேர் போட்டாச்சா?"
"போட்டாச்சு."
"முழுப்பேரா, அரைப்பேரா?"
"தெரியலம்மா.
இன்னும் நிறுக்கல."