பதினேழு தொட்டிகள்

அக்டோபர் இருபத்தொன்று.
இன்றிரவு மைனஸ் ஆறு என்றது கயானி வானொலி.
தௌனோவின் முழங்காலில் கத்தி வைத்துப் பதினோரு நாள்.
ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி,
நாற்காலியில் சாய்ந்த ஊன்றுகோல் இரண்டு,
கையில் கைபேசி.
நான் முற்றத்தில்.
எட்டடி தூரம், நடுவே இரட்டைக் கண்ணாடி.
அழைக்கிறார்:
"இர்யா, ஈரத்தோடு வைத்துவிடாதே."

எனக்குத் தெரியாதா.
சுட்ட மண்ணுக்குக் கண்ணில் படாத வாய்கள்,
கோடை முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும்.
குடித்த தண்ணீர் ஓரிரவில் உறைந்து
கொஞ்சம் இடம் கேட்கும்.
கொஞ்சம்தான்.
இல்லை என்று சொல்லத் தெரியாமல்
தொட்டி வழிவிடும்,
விளிம்பிலிருந்து அடிவரை.

கவிழ்த்தேன், தட்டினேன்,
பாசியைப் பழைய பல்தூரிகையால் தேய்த்தேன்.
ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது
நடுவில் செய்தித்தாள் வை என்கிறார்.
வைத்தாயிற்று.
தொட்டிக்கும் தொட்டிக்கும் இடையில்
இடுப்பொடிந்து கிடக்கிறார்கள் போன மாதத்து ஹாக்கி வீரர்கள்.
"நாலுக்கு மேல் அடுக்காதே."
சரி.
"ஷெட்டில் கதவோரம் வேண்டாம்."
சரி, சரி.
பேருந்து ஓட்டுகிறவள் நான்.
பின்னிருக்கையிலிருந்து வழி சொல்பவர்களை
இருபது வருஷமாகக் கண்ணாடியில் பார்த்து வருகிறேன்.

கடைசியில் அந்தப் பெரிய தொட்டி.
வருஷா வருஷம் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.
இந்த முறை
மகள் சின்ன வயதில் சறுக்கிய சிவப்புப் பிளாஸ்டிக் வண்டியைக்
கொண்டுவந்து வைத்தேன்.
பாதி மண்ணை அள்ளினால் ஏற்றிவிடலாம்.
கரண்டி இறங்கியது.
மண் நகர்ந்தது.

மண் இல்லை. தேரை.

முன்னங்கால்களை நெஞ்சுக்கடியில் மடக்கி
சீசன் முடிந்து கடை சாத்தியவர்போல் இருந்தது.

கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் உண்டாம்.
தொட்டிக்குள் தேரைக்கு
ஜனவரியில் அவன் அளப்பது மைனஸ் முப்பது.
நிலத்தில் இறங்கினால்
குளிர் ஓரிடத்தில் தலைக்கு மேலேயே நின்றுவிடும்.
தொட்டிக்கோ நாலு பக்கமும் காற்று,
அடியிலும் ஓட்டை.
பாவம், இதுதான் ஆழம் என்று நம்பியிருக்கிறது.

கைபேசி அடித்தது. எடுக்கவில்லை.
கண்ணாடியைத் தட்டினார்.
இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினேன்.

மருத்துவர் கூடாதென்ற மூன்று படிகளையும்
இறங்கி வந்துவிட்டார் மனிதர்.
ஒரு காலில் பூட்ஸ்,
மறுகாலில் கம்பளிக் காலுறை மட்டும்.
"எங்கே விடலாம்?" என்றார்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின்
அவர் கேட்ட முதல் கேள்வி.
மற்றதெல்லாம் உத்தரவு.

உரக்குவியலுக்குப் பின்னால் தோண்டினேன்.
முழங்கை ஆழம், பிறகு இன்னும் ஒரு முழங்கை.
தேரை ஒரு கண்ணைத் திறந்தது,
சில்லறை குறைகிறதே என்று பார்க்கும் பயணியின் கண்.
திரும்பிக்கூடப் பார்க்காமல்
பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிற்று.
மேலே பிர்ச் இலைகள், இலைமேல் சுள்ளிகள்.
அதற்கும் மேல்?

விளிம்பில் பல்லுப்போன ஒரு சின்னத் தொட்டி,
கழுவித் துடைத்து வைத்தது.
எடுத்து வந்தேன்.
"வெளியே கிடந்தால் வெடித்துவிடும்."
"தெரியும்."
கவிழ்த்தேன்.
"ஒரு பக்கம் கல் கொடு, இர்யா.
வெளியே வர வழி வேண்டாமா."

பெரிய தொட்டி சிவப்பு வண்டியில் ஏறியது.
நான் இழுத்தேன்.
அவர் ஊன்றுகோலால் தள்ளினார்.
தள்ளியதாகச் சொல்லிக்கொள்கிறார்.

ராத்திரி மைனஸ் ஒன்பது. வானொலி தப்பு.
ஷெட்டில் பதினாறு,
சட்டங்களின்மேல் தலைகீழாக, வாய் உலர்ந்து.
பக்கத்தில் தௌனோ,
முழங்கால் தலையணைமேல்.
எங்கேயோ டிக் என்றது.
கூரைப் பலகையா,
உரக்குவியல் பக்கமா,
இவருடைய மூட்டா.

ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்.