வல்கா, வல்கா

நடுவெழுத்தை மாரிகா மெலிதாகச் சொல்வாள்,
வில்னிஸ் அழுத்துவான்.
ஓர் ஊர், குறுக்கே எல்லை;
இப்பக்கம் எஸ்டோனியா, அப்பக்கம் லாட்வியா.
தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

அவன் கம்பெனியை அவள் கம்பெனி வாங்கியது.
காகிதத்தில் ஒரே நாளில் முடிந்தது.

அவன் ரூட்டர்கள் எல்.டி.பி.:
ஒவ்வொரு வீடாகப் போய்ப் பெயர்சொல்லிக் கதவு தட்டி
ஆளுக்கொரு லேபிளைக் கையில் கொடுப்பவை.
அவளுடையவை பி.ஜி.பி.:
ஒரே தண்டோரா;
தன் பங்கு எதுவென்று அவரவர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மர மில்லுக்கு இதெல்லாம் எதற்கு?
அங்கே ரம்பம், இங்கே எடைமேடை.
இரண்டும் ஒரே அறையில் இருப்பதாக அதற்கு நினைப்பு.
அந்த நினைப்புக்குத்தான் மாதாமாதம் பில் கட்டுகிறது.

இரவு ஒன்று நாற்பது. எல்லாச் செஷனும் பச்சை.
ஒரு ஃபிரேம்கூடக் கடக்கவில்லை.
எம்.டி.யு. பார்த்தாள். சரி.
கேபிளைக்கூடப் பிடுங்கிச் செருகினாள், வெட்கமில்லாமல்.

பிறகு கண்ணில் பட்டது:
எல்லை ரூட்டரில் இருதரப்பையும் ஒரே குழுவில் போட்டிருந்தாள்.
சொந்தத்திடம் கேட்டதைச் சொந்தத்திடம் சொல்லாதே;
பேச்சு சுற்றிச்சுற்றி வராதிருக்க வைத்த சட்டம்.
உறவாக்கிவிட்டாள்; வாய் மூடிக்கொண்டன.

அவனுடையவற்றுக்குத் தனிக் குழு.
ஒரே வரி. என்டர்.

அந்தப் பக்க ரம்பத்தின் திரையில்
ஸ்ப்ரூஸ் கட்டை, நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.

போனில் வில்னிஸ், "லபி" என்றான்.
அவன் மொழியில், நல்லது.
அவள் மொழியில் ஏறக்குறைய அதே ஒலிக்கு,
ஊடுருவி; முடிந்தது என்றும்.
எதைச் சொன்னான் என்று கேட்கவில்லை.
ஃபிளாஸ்கில் காபி ஆறிப்போயிருந்தது.