நான்காம் எண் பொன்னிறம்

மகாதேவபுரா, மூன்றாம் ஷிஃப்ட்.
என் வேலை நிறம் பார்ப்பது.
ஒன்று முதல் ஏழு வரை ஓர் அட்டை.
ஒன்று வெளிறல், ஏழு கருகல்.
நான்கு வரை பாக்கெட்டுக்குள் போகலாம்.
நான்குக்குக் கம்பெனி வைத்த பெயர்
பொன்னிறம்.

அப்பாவும் அதைத்தான் தேடினார்,
கோலாரில், பாறைக்கு அடியில், இருட்டில்.
கிடைத்தது தூசி.
நுரையீரலில் வைத்திருந்தார்
கடைசிவரை யாருக்கும் கொடுக்காமல்.

ஆகஸ்டில் வருவது
குளிர்கிடங்கில் கிடந்த கிழங்கு.
குளிர் தாங்காமல்
தன் மாவைத் தானே சர்க்கரையாக்கிக்கொண்ட கிழங்கு.
நூற்றெழுபது டிகிரி எண்ணெயில் விழுந்ததும்
அந்தச் சர்க்கரை
ஓர் அமினோ அமிலத்தின் கையைப் பிடிக்கும்.
மணம் வரும்.
நிறம் வரும்.
அழைக்காமல் இன்னொன்றும் வரும்.

அக்ரிலமைடு என்று
லேபில் புஷ்பலதா எழுதுவாள், பக்கத்தில் ஓர் எண்ணும்.
எலிக்குப் புற்று வந்ததாம்.
நமக்கு?
'இருக்கலாம்னு போட்டிருக்கு சார்.'
இருக்கலாம் என்பதை எந்த எண்ணில் வைப்பது?
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் அச்சகத்தின் போன் நம்பர்.

பெல்ட் ஓடும், கேமரா பார்க்கும்,
காற்றுக்குழல் ஒரு 'உஃப்'.
கருத்தது மட்டும் எகிறிச்
சாக்கில் விழும்.
சாக்கு மாட்டுத் தீவனத்துக்கு.
ஆனால் ருசி அந்தச் சாக்கில்தான்.
கசக்கத் தொடங்கி
மனசு மாறி நின்றுவிட்ட ருசி.
பதினோரு வருஷமாய் ராத்திரி இரண்டரைக்கு
எனக்கு ஒரு கை, மஞ்சப்பாவுக்கு ஒரு கை.

போன மாதம் கேன்டீனில் மருத்துவ முகாம்.
ஹெச்பிஏ1சி எட்டு புள்ளி நாலு.
டாக்டரம்மா ஹெக்டே பொறுமைசாலி.
'ரத்தச் சிவப்பணுவில் சர்க்கரை போய் ஒட்டிக்கொள்ளும்.
மூன்று மாதக் கணக்கு இது,
நேற்று பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது.'
நான் கேட்டது ஒன்றுதான்:
எந்தச் சூட்டில், மேடம்?
பேனா நின்றது.
'முப்பத்தேழு. உடம்புச் சூடுதான். ஏன்?'

ஏனென்றால் எனக்கு அந்தக் கைப்பிடிப்பைத் தெரியும்.
சர்க்கரை ஒரு பக்கம், புரதம் ஒரு பக்கம்.
எண்ணெய்த் தொட்டியில் மூன்றே நிமிடம்.
எனக்குள் அவசரமில்லை,
சிம்மில் வைத்த அடுப்பு,
ஓர் அணுவின் ஆயுள் நூற்றிருபது நாள்.
சிப்ஸில் முதலில் கருகுவது ஓரம்.
டாக்டரம்மா பரிசோதிக்கச் சொன்னதும் ஓரங்களை:
கால்விரல் நுனி, கண்ணின் பின்திரை,
சிறுநீரகத்தின் நூல் நூலான வடிகட்டி.

சிப்ஸாலா என்றேன்.
அதை மட்டும் சொல்ல முடியாது என்றார்.
தூங்காத இரவுகள், தொப்பை,
வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்ததா?
அப்பாவுக்கு இருந்திருக்கலாம்.
தூசியைத் தவிர வேறெதையும்
யாரும் தேடவில்லை.

எமிலியிடம் சொன்னேன்.
அவள் தோசையைத் திருப்பிப் போடாமல்
வெள்ளையாகவே எடுத்து வைத்தாள்.
ஈரத்துணி போலிருந்தது.
மூன்று தின்றேன்,
அது வேறு கணக்கு.

நேற்று பெல்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு.
நிறுத்தாமலே துடைக்கக் கை நீட்டினேன்.
கேமரா பார்த்தது.
உஃப்.
மணிக்கட்டில் குளிர்ந்த காற்று, குறி தப்பாமல்.

நான் நின்ற நிலையைப் பார்த்து
மஞ்சப்பா சிரித்தான்.
'எல்லார் கைக்கும் ஊதும் குரு,
அதுக்கு ப்ரவுன் மட்டும்தான் தெரியும்.'
தன் கையையும் நீட்டிக் காட்டினான்.
உஃப்.
ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருத்தி ஓடி வந்து
அவள் கையையும் நீட்டினாள்.
உஃப்.
ராத்திரி இரண்டரைக்குக்
கொஞ்ச நேரம் அப்படி விளையாடினோம்.

பிறகு சாக்கின் வாயை நான்தான் கட்டினேன்.
கட்டுமுன் ஒன்று.
ஒன்றே ஒன்று.
வெளிச்சத்தில் அட்டையோடு பிடித்துப் பார்த்தேன்:
ஆறு.